தாழ்ந்த தந்தியின் பணி

திருவிழாக் காலம் வந்துவிட்டால், மன்னார்த் தீவிலும் அதனைச் சூழ்ந்த கரையோரப் பங்குகளிலும் பணியாற்றும் குருக்களிடம் இரு வகையான முறைப்பாடுகள் வந்துசேர்வது வழமை. “கோவிலுக்குள் கிற்றார்ச் சத்தம் நெஞ்சை இடிக்கிறது, ஒரு செபம் சொல்ல முடியவில்லை, சுவாமி” என்பர் மூத்தோர். “மாதக்கணக்காகப் பழகினதை வாசிக்க விடுகிறார்கள் இல்லை, பாதர்” என்பர் இளையோர். இரு சாராரும் பெரும்பாலும் ஒரே கருவியைப் பற்றித்தான் பேசுகின்றனர். அது நான்கு தடித்த தந்திகளைக் கொண்ட பேஸ் கிற்றார்.

ஆன்மீகப் பத்தியொன்றில் வாத்தியத்தைப் பற்றி எழுதுவது ஏனென்று வாசகர் சிலர் எண்ணக்கூடும். ஞாயிறுதோறும் இறைவார்த்தையோடு சேர்ந்து நம் செவியில் விழுவது இந்த ஒலி. அதனைத் தோளில் மாட்டி நிற்பவனோ நம் பங்கின் பிள்ளை. வாரம் முழுவதும் வேறு தொழில் செய்துவிட்டு, சம்பளமின்றி, யாரும் முறையாகக் கற்பிக்காத நிலையில், கைப்பேசியில் காணொளிகளைப் பார்த்துத் தானே பழகியவன். இம்முறைப்பாடுகளைக் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது இதுதான்: அவன் அளவுக்கு மீறிக் கற்றுவிட்டதால் இச்சிக்கல் எழவில்லை, போதிய அளவு கற்காததாலேயே எழுகிறது. அக்கற்றலுக்கு நாம் எவ்வித உதவியும் செய்யவில்லை.

ஆளுயரத்தையும் விஞ்சிய டபுள் பேஸ் என்னும் மரக்கருவி செய்த வேலையைத் தோளில் மாட்டக்கூடிய ஒரு மின்கருவி செய்யும்படி அமெரிக்கரான லியோ ஃபெண்டர் 1951இல் சந்தைக்குக் கொண்டுவந்ததே இன்றைய பேஸ் கிற்றாருக்கு முன்மாதிரி. நம் நாட்டில் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் போன்றோரின் தமிழ்ப் பொப் பாடல்கள் பரவிய காலத்தில் மேடைகளில் இது பழக்கமாயிற்று. 1980களில் இளையராஜாவின் திரைப்பாடல்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, பாடகரின் மெட்டுக்கு அடியில் இன்னொரு மெட்டு நடந்துசெல்வதை உணர்த்தியதும் இக்கருவியே. ஆலயத்துக்குள் அது நுழைந்தது பிந்தித்தான். மின்சாரமே இல்லாத போர்க்கால ஆண்டுகளில் ஆர்மோனியத்தோடும் கைத்தாளத்தோடும் பாடிப் பழகிய தலைமுறையின் செவிக்கு அது அந்நியமாகப் படுவதில் வியப்பில்லை.

மூத்தோரின் முறைப்பாட்டில் உண்மை உண்டு. பேஸ் கிற்றாரின் தடித்த தந்தியை மீட்டினால் விநாடிக்கு ஏறத்தாழ 41 அதிர்வுகள் எழும். அவ்வொலியின் ஓர் அலை காற்றில் எட்டு மீற்றருக்கும் கூடிய நீளமுடையது. அத்தகைய நீண்ட அலை சுவரில் மோதித் திரும்பிவந்து, புதிதாக எழும் அலையோடு கலக்கும்போது, ஆலயத்தின் ஓரிடத்தில் ஒலி பன்மடங்கு பெருகும், வேறோரிடத்தில் மெலிந்துபோகும். ஒலிபெருக்கியின் அருகில் நிற்கும் இளைஞனுக்கு அளவாகக் கேட்பது, பின்சுவரோரம் செபமாலையோடு அமர்ந்திருக்கும் அம்மாவுக்கு இடியாகக் கேட்கலாம். இருவரும் பொய் சொல்லவில்லை. பயிற்சி நாளொன்றில் கருவியை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு, பின்வாசல்வரை நடந்துசென்று நின்று கேட்கும்படி அவனிடம் யாராவது சொல்லியிருக்கிறோமா? “குறை, குறை” என்று கைகாட்டுவதோடு நம் கடமை முடிந்துவிடுகிறது.

இனி, விரல்களின் கல்வி. புதிதாகக் கற்போர் வலக்கையின் சுட்டுவிரலையும் நடுவிரலையும் மாறி மாறிப் பயன்படுத்தச் சீராகப் பழகவேண்டும். இதனை எல்லாரும் சொல்வர். இடக்கையின் வேலையைப் பலர் சொல்வதில்லை. இடக்கை சுரத்தை அழுத்துவதற்கு மட்டும் உரியதன்று, நிறுத்துவதற்கும் உரியது. ஒரு தந்தியை மீட்டினால் மீட்டாத தந்திகளும் கூடவே அதிர்ந்து முனகும். அந்த முனகலை இரு கை விரல்களாலும் மெல்லத் தொட்டு அடக்குவதே இக்கருவியின் முதற் பாடமாக இருக்கவேண்டும். ஆலயத்தில் நாம் ‘இரைச்சல்’ என்று குறைகூறுவதில் பெரும்பகுதி அடக்கப்படாத இம்முனகலேயாகும். ஒரு சுரம் எங்கே தொடங்குகிறது என்பதை யாவரும் கவனிப்பர். அது எங்கே முடிகிறது என்பதைத் தீர்மானிப்பவனே பேஸ் வாசிக்கத் தெரிந்தவன்.

நம் வழிபாட்டுப் பாடல்கள் பல மும்மூன்றாக அசையும் நடையில் அமைந்தவை. பழகாத கை அந்த ஆறு அசைவுகளையும் அடித்துத் தள்ளும். பழகிய கை முதலாவதிலும் நான்காவதிலும் மட்டும் ஊன்றி, எஞ்சிய இடத்தைப் பாடுவோரின் மூச்சுக்கு விட்டுவிடும். அதன் பின்னரே அடிச்சுரத்திலிருந்து ஐந்தாம் சுரத்துக்கும் மேல் எட்டுக்கும் செல்வது, ஒரு கோர்டிலிருந்து அடுத்த கோர்டுக்கு இடைச்சுரங்களால் படிகட்டி நடப்பது முதலியவற்றைக் கற்கலாம். இவற்றைக் கற்றவன் வாசிக்கும்போது, அடுத்த அடி எங்கே விழப்போகிறது என்பது பாடத் தெரியாதவருக்கும் முன்கூட்டியே தெரிந்துவிடும். அவர்களும் வாய் திறப்பர்.

பேசாலை, வங்காலை, தலைமன்னார் போன்ற ஊர்களில் பாடகர் குழாத்தோடு நிற்கும் இளைஞர் பலர் கடற்றொழில் செய்யும் வீடுகளிலிருந்து வருபவர்கள். கயிறும் வலையும் இழுத்துக் காய்த்த விரல்கள் அவர்களுடையவை. வேறிடங்களில் கற்போருக்கு முதல் மாதத்தில் விரல்நுனி கன்றிப்போகும். இவர்களுக்கு அந்த நோவு இல்லை. நோவு இல்லாததாலேயே வலிந்து மீட்டிவிடுகின்றனர். ஒலியின் பலம் ஒலிபெருக்கியில் இருக்கிறது, விரல் மெல்லத் தொட்டாற் போதும் என்பதை நம்புவதற்கு அவர்களுக்கு நெடுநாள் எடுக்கிறது. ஆனால் ட்ரம்ஸ் வாசிப்பவனின் காலடியோடு சேர்ந்து விழவேண்டும் என்பதை அவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. கரைவலை இழுக்கையில் அம்பாப் பாட்டின் அடிக்கு எல்லாக் கைகளும் ஒரே கணத்தில் இழுத்தாலன்றி மடி கரைசேராது. தனித்துத் தன் பலத்தைக் காட்டி முந்தி இழுப்பவனை அங்கே யாரும் புகழ்வதில்லை.

இன்று காணொளிகளில் இளையோரை மிகவும் கவர்வது, பெருவிரலால் தந்தியை அறைந்தும் சுட்டுவிரலால் கொளுவி இழுத்தும் வாசிக்கும் ‘ஸ்லாப்’ முறை. ‘இது களியாட்ட மேடைக்குரியது’ என்று பெரியோர் முகஞ்சுளிப்பர். இம்முறையை உலகறியச் செய்தவர் லாரி கிரஹாம் என்னும் அமெரிக்கர். அவருடைய தாயார் பாடகி, பியானோவும் வாசிப்பவர். தாயும் மகனும் ஒரு ட்ரம்ஸ் கலைஞரும் சேர்ந்து சிறு குழுவாக வாசித்துவந்தனர். ஒரு கட்டத்தில் ட்ரம்ஸ் இல்லாமலே தொடர்வதெனத் தாயார் முடிவுசெய்தார். அந்த வெற்றிடத்தை நிரப்ப, பெரிய ட்ரம் ஒலிக்கவேண்டிய இடத்தில் பெருவிரலால் அறைந்தும், சிறிய ட்ரம் ஒலிக்கவேண்டிய இடத்தில் தந்தியைச் சுண்டி இழுத்தும் மகன் வாசிக்கத் தொடங்கினார். வேடிக்கை காட்டுவதற்கென்று எவரும் இதனைக் கண்டுபிடிக்கவில்லை. தாயின் பாட்டு நடக்கவேண்டும் என்ற தேவையிலிருந்து பிறந்த முறை இது.

ஆகவே, நம் பிள்ளைகள் ஸ்லாப் கற்பதை நான் தடுக்கமாட்டேன். ஒளிவிழாவிலும் திருவிழா இரவின் கலைநிகழ்ச்சியிலும் அதற்கு இடமுண்டு. நற்கருணை வாங்க மக்கள் வரிசையில் வரும்போது அதற்கு இடமில்லை. இந்த வேறுபாட்டைக் கற்றுக்கொடுக்கவேண்டியது நம் கடமை. இன்னொருவரையும் அவர்கள் அறிந்திருக்கவேண்டும். டெட்ரொயிட் நகரின் மோட்டவுன் நிறுவனத்துப் பாடல்கள் பலவற்றுக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜாமர்சன் வலக்கையின் சுட்டுவிரல் ஒன்றை மட்டுமே பயன்படுத்தினார். 1971 வரை இசைத்தட்டுகளின் உறைகளில் அவருடைய பெயர் பெரும்பாலும் அச்சிடப்பட்டதில்லை. உலகமே அப்பாடல்களுக்கு ஆடியது. வாசித்தவர் யாரெனக் கேட்டவர் சிலரே. அவர் 1983இல் இறந்தார். ரொக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் அவருடைய பெயர் இடம்பெற்றது 2000ஆம் ஆண்டில்.

திருவிவிலியம் இசைக்கலைஞரின் பயிற்சியை அற்பமாக எண்ணவில்லை. குறிப்பேடு முதல் நூலின் 25ஆம் அதிகாரம், ஆண்டவரின் இல்லத்தில் பாடுவதற்குப் பயிற்சி பெற்றுத் தேர்ந்தவர்கள் 288 பேர் என்று எண்ணிக்கையிட்டுச் சொல்கிறது. பணிமுறைக்காக அவர்கள் சீட்டுப் போட்டபோது பெரியவர், சிறியவர், ஆசிரியர், மாணவர் என்ற வேறுபாடு பார்க்கப்படவில்லை. கற்றுக்கொண்டிருப்பவனும் முறைக்கு நின்றான் என்பது இதனால் புலனாகிறது. அதே நூலின் 15ஆம் அதிகாரத்தில் உடன்படிக்கைப் பேழையைக் கொண்டுவரும் வேளையில், சிலர் யாழை ‘செமினித்’ என்னும் முறையில் மீட்டியதாகக் காண்கிறோம். ‘எட்டாவது’ என்று பொருள்படும் இச்சொல் தாழ்ந்த சுருதியைக் குறிப்பதாக விரிவுரையாளர் பலர் கருதுவர். 6ஆம் திருப்பாடலின் தலைப்பிலும் இதே சொல் உள்ளது. அது படுக்கையைக் கண்ணீரால் நனைக்கும் ஒருவரின் மன்றாட்டு. உயர்ந்த தந்தி தாங்காத துயரமும் உண்டல்லவா!

திரு அவையின் நிலைப்பாடு காலத்தோடு வளர்ந்து வந்துள்ளது. புனித செசிலியாவின் திருநாளாகிய நவம்பர் 22ஆம் திகதி, 1903இல், திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் வெளியிட்ட ஆவணம் பியானோவையும் முரசு போன்ற இரைச்சற் கருவிகளையும் ஆலயத்தில் தடைசெய்தது. அறுபது ஆண்டுகளின் பின், 1963 டிசம்பர் 4ஆம் திகதி, இரண்டாம் வத்திக்கான் சங்கம் ஓகனுக்கு முதன்மை அளித்ததோடு, உரிய அதிகாரியின் இசைவுடன் பிற கருவிகளுக்கும் கதவைத் திறந்தது. அங்கே உள்ள நிபந்தனை கவனிக்கத்தக்கது. கருவிகள் இறைவழிபாட்டுக்கு ஏற்றவையாக, அல்லது ஏற்றவையாக ஆக்கப்படக்கூடியவையாக இருக்கவேண்டும் என்கிறது சங்கம். ஒரு கருவியை ஏற்றதாக ஆக்குவது யார்? கடையில் வாங்கும்போது அது ஏற்றதாக வருவதில்லை. வாசிப்பவனின் விரல்களே அதனை அவ்வாறு ஆக்கவேண்டும். 1967இல் வெளிவந்த திருவழிபாட்டு இசை பற்றிய அறிவுறுத்தலும், கருவியொலி பாடுவோரின் குரலைத் தாங்கவேண்டுமேயன்றிச் சொற்களை மூழ்கடிக்கலாகாது என்றும், இசைப்போர் தேர்ச்சியோடு வழிபாட்டின் உள்ளுணர்வையும் அறிந்திருக்கவேண்டும் என்றும் கூறுகிறது.

இதற்கு மாறாக, இப்போது பங்குகளில் ஓர் எளிய வழி பரவிவருகிறது. கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் தாளமும் பேஸும் தாமாகவே ஓடும். இன்னும் எளிதாக, பென்டிரைவில் பதிந்த பின்னணி இசையை ஓடவிட்டு அதன்மேல் பாடுவோரும் உளர். சுருதி பிசகாது, சண்டை இல்லை, பயிற்சிக்கு வராதவனைத் தேடி வீட்டுக்கு ஆள் அனுப்பத் தேவையில்லை. நானும் இதன் வசதியை அறிவேன். ஆனால் முதியவர் ஒருவர் வாசகத்தை முடிக்கத் தாமதித்தால், அல்லது மக்கள் ஒரு வரியை இழுத்துப் பாடினால், இயந்திரம் காத்திருக்காது. வத்திக்கான் சங்கத்துக்கு முன்னரே, 1958 செப்டெம்பர் 3ஆம் திகதிய அறிவுறுத்தல், தானாக இயங்கும் வாத்தியங்களையும் ஒலிப்பதிவுகளையும் திருவழிபாட்டில் இசைக்கக் கூடாதென விலக்கியது. அக்கால விதிகளிற் பல பின்னர் மாறின. அதன் அடியிலுள்ள காரணம் மாறவில்லை. திருப்பலியில் இயந்திரம் எதையும் ஒப்புக்கொடுப்பதில்லை, மனிதனே ஒப்புக்கொடுக்கிறான். பிழைவிட்டு வாசிக்கும் ஒரு பிள்ளையை அகற்றிவிட்டுப் பிழையற்ற பொத்தானை வைப்பதால் பங்குக்கு என்ன இலாபம்? அந்தப் பிள்ளை அடுத்த ஞாயிறு ஆலயத்தின் வெளிமதிலில் அமர்ந்திருப்பான். அதன்பின் அங்கும் இரான்.

கற்பிக்கும் வழி நமக்குப் புதிதன்று. மன்னார்க் கத்தோலிக்கரின் நாட்டுக்கூத்தையும் வாசாப்பையும் நினைவிற்கொள்ளுங்கள். மூவிராசாக்கள் வாசாப்பு போன்ற நெடும் ஆக்கங்களைக் கடற்றொழிலாளரும் கமக்காரரும் ஆடினார்கள். அண்ணாவியார் ஒரு வரியைப் பாடிக்காட்டுவார். ஆடுவோர் திரும்பப் பாடுவர். பகல் வேலை முடிந்த இரவுகளில் மாதக்கணக்காக இது நடைபெறும். மத்தளக்காரர் ஆட்டத்தின் காலைப் பார்த்து வாசித்தார். தம் கையைப் பார்த்து வாசிக்கவில்லை. பேஸ் கிற்றாரும் நம்மவர் கையில் அப்படிக் கற்கப்படவேண்டிய கருவியே. காணொளி ஆயிரம் நுட்பங்களைக் காட்டும். “தம்பி, அந்த இடத்தில் நீ வாசிக்காமல் விட்டிருந்தால் சனம் பாடியிருக்கும்” என்று அது சொல்லாது. அதைச் சொல்வதற்குப் பக்கத்தில் ஒருவர் இருக்கவேண்டும்.

ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்குப் பங்குகள் செலவிடும் பணத்தில் ஒரு சிறு பங்கைக் கற்பிப்பதற்கு ஒதுக்கலாம். மறைக்கோட்ட மட்டத்தில் மாதமொரு மாலை, பாடகர் குழாங்களில் பேஸ் வாசிப்போரையும் ட்ரம்ஸ் வாசிப்போரையும் மட்டும் ஒன்றுகூட்டி, தேர்ந்த ஒருவரைக்கொண்டு பழக்கலாம். பாடகர் குழாம் இல்லாமல் இவர்கள் இருவரும் தனியே அமர்ந்து ஒரு பாடலை முதலிலிருந்து முடிவுவரை வாசிப்பதைப் பங்குத் தந்தையரும் ஒருநாள் அமர்ந்து கேட்கட்டும். எங்கே இரைச்சல், எங்கே இசை என்பது நமக்கும் அப்போது விளங்கும்.

இதனைத் தொடங்கத் தவக்காலமே உகந்தது. அக்காலத்தில் நான்காம் ஞாயிறும் பெருவிழாக்களும் விழாக்களும் தவிர, வாத்தியங்கள் பாடலைத் தாங்குவதற்கு மட்டுமே ஒலிக்கலாம் என்பது திருப்பலி நூலின் ஒழுங்கு. தனி வாசிப்புக்கு இடமில்லை. அந்நாட்களில் பேஸ் வாசிப்பவன் ஒரு பாடலுக்கு எத்தனை குறைந்த சுரங்கள் போதும் என்று தேடிப் பார்க்கட்டும். ஒவ்வொரு ஞாயிறும் ஒன்றிரண்டைக் குறைத்துப் பார்க்கட்டும். பாஸ்கா திருவிழிப்பில் வானவர் கீதம் எழுந்து மணிகள் ஒலிக்கும்போது, அவனுக்கு எல்லாத் தந்திகளும் திறந்திருக்கும்.