உறக்க மூச்சுத்தடைக்கான அரசு நிதி: சேர்வராயன் மலை மக்களுக்கான நிலைப்பாடு

உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுவதால், பத்து நொடியோ அதற்கு மேலோ மூச்சு நின்று நின்று வருவது உறக்க மூச்சுத்தடை எனப்படுகிறது. மணிக்கு 15 முறை நேர்ந்தால் நடுத்தர நிலை, 30-ஐ எட்டினால் தீவிர நிலை. வெறும் குறட்டை என்று வீட்டார் விட்டுவிடும் இந்நோய், இரத்த அழுத்தத்தை ஏற்றுவதோடு பகலிலும் கண்ணயர வைப்பதால், சேர்வராயன் மலையிலுள்ள ஏற்காட்டுக்குச் செல்லும் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் அன்றாடம் வண்டி ஓட்டுவோருக்கு உயிர்ப் பிரச்சினையாகிறது.

முகமூடி வழியே இடைவிடாது காற்றழுத்தம் செலுத்தி மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் சீபேப் கருவி 1981 முதல் அறியப்பட்டு வருகிறது. ஆயினும் அதற்கான பொதுநிதி இடத்துக்கு இடம் மாறுகிறது: கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 75 விழுக்காட்டை ஏற்க, பிரிட்டிஷ் கொலம்பியாவில் பெரும்பாலோர் சொந்தப் பணத்திலோ தனியார் காப்பீட்டிலோ வாங்குகின்றனர். இந்தியாவில் மத்திய அரசு ஊழியருக்கும் ஓய்வூதியருக்கும் அவர்களுக்கான சுகாதாரத் திட்டம் உச்சவரம்புக்கு உட்பட்டு விலையைத் திருப்பித் தருகிறது. காப்பித் தோட்டக் கூலிக்கு அந்த வழி இல்லை.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மேற்படாத குடும்பங்களுக்கான தமிழ்நாடு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் மருத்துவமனைச் சிகிச்சையை மையமாகக் கொண்டு அமைந்தது என்பதால், வீட்டில் பல்லாண்டு பயன்படும் கருவி அதன் சட்டகத்துக்குள் எளிதில் பொருந்துவதில்லை. ஆனால் செவித்திறனற்ற குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவியை அதே திட்டம் வழங்குகிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற மாநில அரசுத் திட்டம், வயிற்றுவழி டயாலிசிஸ் பைகளை வீட்டுக்கே கொண்டு சேர்க்கிறது. முன்மாதிரி மாநிலத்திலேயே இருக்கையில் சீபேப் கருவிக்கு நிதி மறுப்பதற்கு நியாயமில்லை என நாங்கள் உறுதியாகக் கருதுகிறோம்.

எல்லோருக்கும் ஒரே தொகை என்பதும் சமநீதி ஆகாது. சுமார் 1,500 மீட்டர் உயரத்துக் குளிரில், ஈரப்பதமூட்டிய காற்று குழாய்க்குள்ளேயே நீராகத் திரண்டு முகமூடிக்குள் சொட்டுவதால் நோயாளி நள்ளிரவில் கருவியைக் கழற்றி வைத்துவிட நேரும். மழைக்காலத்தில் மின்சாரம் போனால் கருவியே நின்றுவிடும். ஆகவே வெப்பமூட்டும் குழாய்க்கும் மாற்று மின்கலத்துக்கும் சேர்த்தே மலைப்பகுதிக்கான நிதி வரையறுக்கப்பட வேண்டும்.

ஓரிரவுப் பரிசோதனைக்காகக் கூலியை இழந்து மலையிறங்க வேண்டியிராதபடி, வீட்டிலேயே பொருத்திக்கொள்ளும் பரிசோதனைக் கருவிகள் ஏற்காடு அரசு மருத்துவமனையில் இருக்க வேண்டும். அவற்றின் பதிவுகளைச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மருத்துவர்கள் ஆராய்ந்து சொல்லலாம். நாகலூர், மாரமங்கலம் போன்ற ஊர்களுக்கு மாத்திரை கொண்டு செல்லும் மக்களைத் தேடி மருத்துவக் களப்பணியாளர்களிடமே மாற்று முகமூடியும் வடிகட்டியும் கொடுத்தனுப்ப வேண்டும்.