ஒரே 108 சதவீதம், வெவ்வேறு மழை: தேசிய சராசரி மறைக்கும் மலைகள்

2025-ஆம் ஆண்டு தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் நாடு முழுவதும் 937.2 மி.மீ. மழை பதிவானது. நீண்டகால சராசரியான 868.6 மி.மீ.-உடன் ஒப்பிடுகையில் இது 108 சதவீதம். அதற்கு முந்தைய 2024-இலும் இதே 108 சதவீத மழைதான் பெய்தது. ஆனால், 2024-இல் மத்திய இந்தியாவில் உச்சத்தில் இருந்த மிகை மழை, 2025-இல் வடமேற்கில் உச்சம் கண்டது. பஞ்சாபின் 23 மாவட்டங்களும் வெள்ளத்தால் பாதிக்கப்பட்டவையாக அறிவிக்கப்பட்டன. அதே பருவத்தில் வடகிழக்கு மாநிலங்களில் 20 சதவீதம் மழை குறைந்தது.

இதில் கவனிக்கத்தக்க முரண் ஒன்று உண்டு. பற்றாக்குறை எனக் கணக்கிடப்பட்ட வடகிழக்கில் பெய்தது 1,089.9 மி.மீ.; வெள்ளத்தில் தத்தளித்த வடமேற்கில் பெய்ததோ 747.9 மி.மீ. மட்டுமே. மிகையும் குறையும் அந்தந்த நிலம் பழகிய மழையின் அளவைப் பொறுத்தவை. அந்தப் பழக்கத்தைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் மலைகளே.

வங்கக் கடலிலிருந்து ஈரத்துடன் எழும் காற்று, வங்கதேசத்தின் சமவெளியைத் தடையின்றிக் கடந்து மேகாலயத்தின் காசி மலைச்சரிவில் மோதி திடீரென மேலெழுகிறது. குளிர்ந்த காற்றால் ஈரத்தைத் தாங்க இயலாது. மௌசின்ராமில் ஆண்டுக்குச் சுமார் 11,800 மி.மீ. மழை கொட்டுவதற்கு இதுவே காரணம். மலையின் மறுபக்கம் சாய்ந்திருக்கும் ஷில்லாங்கில் அதில் கால் பங்குகூடப் பெய்வதில்லை.

மலை இருந்தால் மட்டும் போதாது. அது காற்றுக்குக் குறுக்கே நிற்க வேண்டும். தென்மேற்கிலிருந்து வடகிழக்காக நீளும் ஆரவல்லி மலைத்தொடர், அரபிக் கடல் காற்று வீசும் திசைக்கு ஏறத்தாழ இணையாகவே அமைந்திருக்கிறது. ஆகவே, காற்று மோதாமல் பக்கவாட்டில் நழுவிச் செல்கிறது. உயர்ந்து நிற்கும் மவுண்ட் அபு நல்ல மழை பெற, ஜெய்சால்மருக்கு ஆண்டுக்குச் சுமார் 200 மி.மீ.தான் கிடைக்கிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் நிலை நேர்மாறானது. அது காற்றைக் குறுக்கே நின்று மறிக்கிறது. கடலோரச் சரிவு நனைய, கிழக்குப் பக்கம் மழை மறைவுப் பகுதியாகிறது. தென்மேற்குப் பருவக் காலத்தில் தமிழகத்தின் பெரும்பகுதிக்கு மழை குறைவதும், அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழையை அம்மாநிலம் பெரிதும் நம்பியிருப்பதும் இதன் விளைவே.

இந்த வேறுபாடு ஒரே மாவட்டத்துக்குள்ளும் ஏற்படுவதுதான் நிர்வாகத்துக்குச் சிக்கலாகிறது. மகாராஷ்டிரத்தின் சதாரா மாவட்டத்தில், மலை உச்சியில் உள்ள மகாபலேஷ்வரில் ஆண்டுக்கு 5,000 மி.மீ.-க்கும் மேல் மழை பெய்கிறது. அங்கிருந்து கிழக்கே சுமார் 100 கி.மீ. தொலைவில் உள்ள மாண் வட்டத்திலோ சுமார் 500 மி.மீ.தான். இவ்விரண்டையும் கூட்டி வகுத்துப் பெறும் மாவட்ட சராசரி, இருவேறு நிலத்து விவசாயிகளில் எவருக்கும் பொருந்தாது. வறட்சி அறிவிப்போ நிவாரணமோ அத்தகைய எண்ணைச் சார்ந்து அமைந்தால், வாடிய பயிர் கணக்கில் வராமலே போகும்.

பஞ்சாப் வெள்ளம் உணர்த்தியது வேறொன்று. மழையை வாங்குவது ஒரு நிலம். அதன் நீரைத் தாங்குவது இன்னொரு நிலம். இமாசலப் பிரதேசத்தின் சரிவுகளில் கொட்டும் மழை சட்லஜ், பியாஸ் ஆறுகள் வழியே பக்ரா, போங் அணைகளை நிரப்புகிறது. அணை திறக்கப்பட்டால் சமவெளி வயல்கள் மூழ்குகின்றன. சமவெளியின் மழைமானியை மட்டும் பார்ப்பவருக்கு இந்த ஆபத்து புலப்படாது.

இவற்றைக் கருத்தில் கொண்டால், 2023-இல் மத்திய வேளாண் அமைச்சகம் தொடங்கிய ‘விண்ட்ஸ்’ திட்டம் சரியான திசையிலானது. வட்டார அளவில் தானியங்கி வானிலை நிலையங்களையும், ஊராட்சி அளவில் தானியங்கி மழைமானிகளையும் நிறுவுவதே அதன் நோக்கம். சமவெளிக்கு அந்த ஏற்பாடு பெரும்பாலும் போதுமானது. மலை மாநிலங்களில் அவ்வாறு கொள்ள இயலாது. அங்கே ஓர் ஊராட்சியின் எல்லை பள்ளத்தாக்கில் தொடங்கி முகட்டில் முடியக்கூடும். சாலை வசதிக்காகப் பள்ளத்தாக்கில் நிறுவப்படும் ஒற்றை மழைமானி, மேலே சரிவில் பெய்யும் மழையைப் பதிவு செய்யாது. மலைப்பகுதிகளில் கருவிகளின் எண்ணிக்கையை ஊராட்சிக் கணக்கில் அன்றி, உயரத்தையும் சரிவின் திசையையும் கொண்டு முடிவு செய்வதே பொருத்தமானது.