சி-க்கு சீனா... டி-க்கு நாம!

ஹாஸ்டல் ரூம்ல கிடக்கிற அந்த மல்ட்டி வைட்டமின் அட்டையைத் திருப்பிப் பாருங்க. தயாரிச்ச இடம்னு நம்ம நாட்டு ஊர் பேருதான் பொடி எழுத்துல இருக்கும். மாத்திரை ஆக்கினது இங்கதான். ஆனா, உள்ளே இருக்கிற வைட்டமின் சி பவுடர் பெரும்பாலும் சீனாவுல இருந்து கப்பல் ஏறி வந்த சரக்கு!

'அங்கே கூலி கம்மி, அதான்'னு சட்டுனு முடிச்சிடாதீங்க. மேட்டர் லேப்ல இருக்கு. 1933-ல வந்த ரைக்ஸ்டைன் முறையில, குளுக்கோஸை வைட்டமின் சி ஆக்குறதுல ஒரு கட்டம்தான் பாக்டீரியாவோட வேலை. மத்ததெல்லாம் கெமிக்கல். 1970-கள்ல சீன விஞ்ஞானிகள் இன்னொரு கட்டத்தையும் பாக்டீரியாகிட்டயே ஒப்படைச்சாங்க. கெமிக்கல் செலவு குறைஞ்சுது, விலையும் குறைஞ்சுது. போட்டி போட முடியாம மத்த நாடுகள்ல பல ஃபேக்டரிகளுக்குப் பூட்டு!

'அதனால எனக்கென்ன?'ங்கறீங்களா? 2020 தொடக்கத்துல கொரோனாவால சீன ஃபேக்டரிகள் முடங்கினப்போ, நமக்கே பத்தாமப் போயிடுமோன்னு மத்திய அரசுக்குப் பயம். மார்ச் 3-ம் தேதி 26 மருந்துகள், மூலப்பொருட்களோட ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டாங்க. அந்த லிஸ்ட்ல பாராசிட்டமாலோட வைட்டமின் பி1, பி6, பி12-ம் இருந்துச்சு. அடுத்த மாசமே பெரும்பாலானதைத் தளர்த்திட்டாங்க. ஆனா, பாடம் பாடம்தான். மூலப்பொருட்களை இங்கேயே தயாரிச்சா ஊக்கத்தொகைனு அதே வருஷம் அறிவிச்ச திட்டத்துல பி1-க்கும் இடம் கிடைச்சுது.

நம்மால முடியுமா? வைட்டமின் டி3-ஐக் கேளுங்க. செம்மறியாட்டு ரோமத்துப் பிசுக்குல இருந்து கொலஸ்ட்ரால் எடுத்து, அதைப் பக்குவப்படுத்தி, புற ஊதா ஒளி காட்டித் தயாரிக்கிற சமாசாரம் அது. ஃபெர்மென்டா பயோடெக்ங்கற இந்தியக் கம்பெனி குலுவுலயும் குஜராத் தஹேஜ்லயும் ஃபேக்டரி வெச்சு, இதை வெளிநாடுகளுக்கே அனுப்புது!

ஸோ, பயோடெக், கெமிஸ்ட்ரி மக்களே... ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டை ரெடிமேடா காசு கொடுத்து வாங்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிங்க. ஊக்கத்தொகையால ஃபேக்டரி கட்டலாம். செலவைக் குறைக்கிற பாக்டீரியாவை யாராவது லேப்ல உட்கார்ந்து தேடித்தான் பிடிக்கணும். அந்த 'யாராவது' ஏன் நீங்களா இருக்கக்கூடாது?