பிள்ளைகள் வரைந்த ஊர்ப்படம்

ரமணாசிரமத்தை ஒட்டிய செங்கம் சாலையில் மாலை நேரத்தில் நடந்தால், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் நான்கைந்து பேரையாவது பார்க்கலாம். நாங்களும் அந்தக் கூட்டம்தான். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் பேச்சு பென்ஷனில் தொடங்கும். முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த பள்ளிக்கூடத்தில் போய் முடியும். அண்மையில் ஒரு நாள் ஆட்டோ ஒன்று எங்கள் அருகே வந்து நின்றது. ஓட்டி வந்தவர் இறங்கி, "சார், என்னைத் தெரியுதா? மூணாவது உங்ககிட்டதான் படிச்சேன்" என்றார். தலை நரைத்திருந்தது. சிரிப்பு மட்டும், சிலேட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்ற அதே பையனின் சிரிப்பு.

1980-களின் தொடக்கத்தில் நாங்கள் வேலைக்குச் சேர்ந்தது ஆதிதிராவிடர் நல ஆரம்பப் பள்ளிகளில். ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள். ஊரையும் காலனியையும் பிரிக்கும் சிறுபாலத்தைத் தாண்டினால் பள்ளி. ஜூன் பிறந்ததும் காலனியில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளை பிடிப்போம். வலது கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய் இடது காதைத் தொட்டுவிட்டால் வயது ஐந்து. பிறந்த நாள் கேட்டால், "மல்லாட்டை பிடுங்குன மாசம் சார்" என்பார் தாய். நாங்களாக ஒரு தேதி எழுதிக்கொள்வோம். ஒரே வகுப்பில் பத்துப் பிள்ளைகள் ஒரே நாளில் பிறந்த அதிசயம் எங்கள் சேர்க்கைப் பதிவேட்டில்தான் உண்டு.

கோவை இலை தேய்த்துக் கறுப்பாக்கிய சிலேட்டு, எழுதியது பாதி தின்றது பாதியாகத் தீரும் பல்பம், மழை பெய்தால் ஓடு ஒழுகாத மூலைக்கு ஐந்து வகுப்பும் ஒன்றாக நகர்வது என்று எல்லாமே இன்று நினைக்க இனிக்கிறது. 1982 ஜூலையில் சத்துணவுத் திட்டம் வந்தது. மதியம் வீட்டுக்குப் போனால் திரும்பி வராத பிள்ளைகள், தட்டோடு வரிசையில் நின்றார்கள். சாயங்கால மணி அடிக்கும்வரை வகுப்பு நிறைந்திருந்ததை முதன்முறையாக அன்றுதான் பார்த்தோம்.

அந்த ஆட்டோக்காரர் போன பிறகு எங்களுக்கு வேறொரு நாள் நினைவுக்கு வந்தது. மூன்றாம் வகுப்பில் நம் ஊரைப் பற்றிய பாடம். அவரவர் ஊரைச் சிலேட்டில் வரையச் சொன்னோம். பள்ளி, வேப்பமரம், ஏரி, களத்துமேடு, தொலைவில் தீபம் தெரியும் அண்ணாமலையார் மலை என்று எல்லாம் வந்துவிட்டது. சிறுபாலத்துக்கு அந்தப் பக்கம் மட்டும் வெறும் சிலேட்டு. "ஏண்டா, ஊர்த் தெருவெல்லாம் எங்கே?" என்று கேட்டோம். "அங்க நாங்க போகக் கூடாது சார்" என்றான். மற்றப் பிள்ளைகளின் சிலேட்டுகளும் அப்படித்தான் இருந்தன.

நாங்கள் என்ன செய்தோம்? "சரி, போதும்" என்று சொல்லிப் பத்துக்குப் பத்து போட்டோம். பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். அதை ஒரு வேடிக்கையாகவே இத்தனை ஆண்டுகள் எங்களுக்குள் சொல்லி வந்திருக்கிறோம். அந்த வெற்றிடத்தைக் கேள்வி கேட்காமல் மதிப்பெண் போட்டது எங்கள் தவறு.

அந்தப் பள்ளிகள் காலனியில் கட்டப்பட்டதற்கே காரணம் அந்த வெற்றிடம்தான். பொதுப்பள்ளிகள் நம் பிள்ளைகளைச் சேர்க்க மறுத்த காலத்தில், சென்னை மாகாணத் தொழிலாளர் துறை தனியாகப் பள்ளிகள் திறந்தது. எங்கள் காலத்திலும் பெரியவர்கள் 'லேபர் பள்ளிக்கூடம்' என்றுதான் சொல்வார்கள். 'ஆதிதிராவிடர்' என்ற பெயரும் போராடிப் பெற்றது. இழிவான பழைய பெயர்களை நீக்கச் சொல்லி எம்.சி.ராஜா போன்ற தலைவர்கள் குரல் கொடுத்த பிறகே, 1922-ல் அரசு அதை ஏற்றது. ஆரணிப் பகுதியில் 1890-ல் பிறந்த சுவாமி சகஜானந்தர் 1916-ல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். நம் மாவட்ட மண் தந்த ஆசிரியர் அவர்.

இன்று அந்தப் பெயர் வேண்டுமா என்ற விவாதம் நடக்கிறது. நாங்குநேரிக் கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. பள்ளிகளின் பெயரில் சாதி அடையாளம் கூடாது, எல்லாப் பள்ளிகளும் பள்ளிக்கல்வித் துறையின் கீழ் வர வேண்டும் என்பது அதன் பரிந்துரை. தனித்துறை போனால் பணியிடமும் நிதியும் நிலமும் போய்விடும் என்று நம்மவர்களில் பலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் நியாயமானது. மாற்றுச் சான்றிதழை நீட்டும்போதே பிள்ளையின் சாதி தெரிந்துவிடுகிறது என்பதும் உண்மை. பெயர்ப்பலகை மாறட்டும். ஆனால் பலகையோடு நின்றுவிடக் கூடாது.

பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பக்கத்தில் நடப்பவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. அதே மாவட்டத்தில், தண்டராம்பட்டு வட்டம் தென்முடியனூரில், சொந்த ஊர் அம்மன் கோயிலுக்குள் நம் மக்கள் கால்வைக்க 2023 ஜனவரி 30 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்றும் மாவட்ட நிர்வாகமும் போலீசும் துணைக்கு நின்றுதான் உள்ளே போக முடிந்தது. சிலேட்டில் இருந்த வெற்றிடம் இன்னும் நிரம்பவில்லை.

ஆகவே அரசிடம் நாங்கள் கேட்பது மூன்று. மாநிலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் இருக்கின்றன. துறை மாறினாலும் மாறாவிட்டாலும், காலிப் பணியிடங்களை நிரப்பி, எண்ணிக்கை குறைவு என்று சொல்லி எதையும் மூடாமல் காக்க வேண்டும். ஊர்ப் பிள்ளைகளும் தேடி வரும் அளவுக்கு அவற்றின் தரத்தை உயர்த்த வேண்டும். மூன்றாவது, காசு செலவில்லாதது. ஊரைப் பற்றிய பாடம் வரும் நாளில், ஊரிலும் காலனியிலும் உள்ள பிள்ளைகளை ஒன்றாக அழைத்துக்கொண்டு, ஆசிரியர்களும் ஊராட்சித் தலைவரும் முன்னே நடக்க, எல்லாத் தெருக்களிலும் சுற்றி வர வேண்டும். பிறகு படம் வரையச் சொல்லட்டும். நாங்கள் செய்யத் தவறியதை இன்றைய ஆசிரியர்கள் செய்ய வேண்டும்.

ஆட்டோக்காரர் கிளம்பும்போது, "பேத்தி மூணாவது படிக்கிறா சார். நல்லா படம் வரைவா" என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் வரையும் படத்திலாவது பாலத்துக்கு அந்தப் பக்கமும் தெருக்கள் இருக்கட்டும்.