வீட்டுக்கு விலை கேட்பது

நம்மவர்களிடத்தில் ஒரு விசித்திரமான சுபாவம் உண்டு. கத்தரிக்காய்க் கூடைக்காரியிடம் ஐந்து ரூபாய்க்காகக் கால் மணி நேரம் வாதாடுவார்கள். அதே மனிதர்கள், ஆயுள் முழுவதும் சேர்த்த பணத்தைக் கொடுத்து வீடு வாங்கப் போகும்போது, சொன்ன விலையைக் கேட்டு வாயடைத்து நிற்பார்கள். குறைத்துக் கேட்டால் கௌரவம் போய்விடும் என்று எண்ணம்! வேறு சிலரோ, வீட்டையும் கத்தரிக்காயாகவே பாவித்துப் பாதி விலைக்குக் கேட்டு, வாசற்படியிலேயே காரியத்தைக் கெடுத்துக்கொள்வார்கள். இவ்விரண்டுக்கும் நடுவே நேரான வழி ஒன்று இருக்கிறது. அதை எனக்குக் கற்பித்தவள் என் தங்கை.

நான் செங்கற்பட்டில் பள்ளி உபாத்தியாயர். என் மைத்துனருக்கு மாமல்லபுரத்தில் ஒரு பழைய வீட்டின் மீது ஆசை விழுந்தது. தரகர் சொன்ன விலை 58 லட்ச ரூபாய். “அண்ணா, நீங்களும் கூட வந்தால் தைரியமாக இருக்கும்” என்றாள் தங்கை. தைரியத்துக்கு என்னை நம்பியவள் அவள் ஒருத்திதான். ஆகவே உடனே சம்மதித்தேன்.

புறப்படுவதற்கு முன் மைத்துனர் செய்த வேலையைப் பாராட்ட வேண்டும். பதிவுத் துறையின் இணையதளத்தில் அந்த வீட்டுக்கு வில்லங்கச் சான்று எடுத்தார். அதோடு நில்லாமல், அக்கம்பக்கத்துச் சர்வே எண்களுக்கும் எடுத்தார். கடன், அடமானம் இருக்கின்றனவா என்று பார்ப்பதற்கே இச்சான்று என்று பலரும் நினைக்கிறார்கள். பக்கத்து வீடு எந்தத் தேதியில் என்ன தொகைக்குப் பதிவாயிற்று என்பதும் அதில் இருக்கிறது. அரசாங்கத்தின் வழிகாட்டி மதிப்பையும் அதே தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அந்த வீட்டுக்கு நிலமும் கட்டடமுமாக அது 40 லட்சம் வந்தது. இந்த மதிப்புக்குக் கீழே பேரம் பேசி முடித்தாலும் முத்திரைத் தீர்வை குறையாது. வித்தியாசம் நூற்றுக்குப் பத்துக்கு மேல் போனால், அந்த வித்தியாசத்தை வாங்கியவரின் வருமானமாகவே பாவித்து வருமான வரி கேட்கவும் சட்டம் இடம் தருகிறது. ஆகையால் பேரத்துக்கும் ஓர் அடித்தளம் உண்டு.

திருக்கழுக்குன்றம் வழியாகச் சுமார் 30 கிலோமீட்டர் பஸ் பிரயாணம். வழி நெடுகத் தரகர் கடற்காற்றின் மகிமையைத் தொலைபேசியில் வர்ணித்துக்கொண்டே வந்தார். ஆனால் மாமல்லபுரத்தில் வீட்டின் விலையை நிர்ணயிப்பது காற்று மட்டுமன்று, சட்டமும்தான். கடலின் உச்ச அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை, 1991 முதல் கடலோர ஒழுங்குமுறை விதிகள் அமலில் இருக்கின்றன. பல்லவர்களின் சின்னங்களோ ஊர் முழுவதும் பரவிக் கிடக்கின்றன. 1984-ல் அவை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்கப்பட்டன. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கப்பால் இன்னும் 200 மீட்டருக்குள் முன் அனுமதி வேண்டும். 2010-ம் வருஷத்துச் சட்டத் திருத்தம் இதை மிகவும் கண்டிப்பாக்கிவிட்டது. நாங்கள் பார்க்கப் போன வீடு அந்த இரண்டாவது வட்டத்துக்குள் இருந்தது. மாடி கட்ட வேண்டும் என்ற மைத்துனரின் மனோராஜ்யம் அங்கேயே பாதி சரிந்துவிட்டது.

வீட்டுக்காரர் வயது முதிர்ந்தவர், மரியாதை தெரிந்தவர். எங்களைத் திண்ணையில் உட்கார வைத்து மோர் கொடுத்தார். கூடவே வந்த கொத்தனார் கூடத்தின் மேல்தளத்தைக் காட்டினார். உப்புக் காற்றில் கான்கிரீட்டுக்குள் இருந்த கம்பிகள் துருப்பிடித்துப் பருத்து, பூச்சைப் பிளந்துகொண்டு வெளியே எட்டிப் பார்த்தன. பழுது பார்க்க 4 லட்சம் ஆகும் என்றார்.

மைத்துனர் ஒரு காகிதத்தில் கணக்கெழுதிப் பெரியவரிடம் நீட்டினார். மேல்தளத்துக்கு 4 லட்சம். மாடிக்கு அனுமதி நிச்சயமில்லாததற்கு 3 லட்சம். கிணற்று நீர் உப்பாயிருக்கும் என்பதற்கு 1 லட்சம். ஆக எட்டுப் போக 50 லட்சம். பக்கத்துத் தெருவில் பதிவான தொகையையும் கீழே குறித்திருந்தார்.

பெரியவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். கோபித்துக்கொள்ளவில்லை. “மேல்தளம் வாஸ்தவம்; ஒப்புக்கொள்கிறேன். மாடியைப் பற்றி யோசித்துச் சொல்கிறேன். ஆனால், தம்பி, கிணற்றைக் குறை சொல்லாதீர்கள்” என்று எழுந்து, தாமே ஒரு வாளி நீர் இறைத்து வந்து கொடுத்தார். குடித்துப் பார்த்தோம். இளநீர் போல் இருந்தது! கடலுக்கு அருகில் இருந்தாலும், மணற்பாங்கான பூமியில் மழைநீர் இறங்கி, உப்பு நீருக்கு மேலே மிதந்து நிற்பதுண்டு. மைத்துனர் பேனாவை எடுத்து அந்த 1 லட்சத்தை அடித்துவிட்டார். பெரியவரின் முகம் மலர்ந்தது. வாயால் மட்டும் குறைத்துக் கேட்டிருந்தால் இது நடந்திராது. காரணத்தை எழுதிக் காட்டினால் எதிராளி அதைச் சோதிக்கலாம். தவறென்றால் நாம் திருத்திக்கொள்ளலாம்.

திரும்பும்போது பஸ் நிலையத்தில் தரகர் என்னைத் தனியே அழைத்தார். “சார், பெரியவரின் சம்சாரம் மூன்று மாதமாகப் படுத்த படுக்கை. வைத்தியச் செலவுக்குப் பணம் அவசரம். இரண்டு வாரம் பேசாமல் இருங்கள். 46-க்கே முடித்துத் தருகிறேன்” என்றார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் மனம் ஒரு கணம் சபலப்பட்டது. ஐந்து லட்சம் என்பது உபாத்தியாயன் கையில் சாதாரணமாக வந்து விழும் தொகையல்லவே? மைத்துனரின் சேமநிதிப் பணம் முழுவதும் இதில் போகிறதே என்று எனக்கு நானே நியாயமும் கற்பித்துக்கொண்டு, பஸ்ஸில் விஷயத்தைச் சொன்னேன். மைத்துனர் பேசவில்லை. தங்கைதான் திரும்பிப் பார்த்தாள்.

“அண்ணா, மேல்தளம் விரிந்திருப்பதற்கு விலையைக் குறைக்கலாம். அந்த அம்மாள் படுத்திருப்பதற்கும் குறைக்கலாமா?”

திருக்கழுக்குன்றம் வரும் வரையில் நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுவாரம் நாங்களே போனோம். பெரியவருக்கு வேண்டியது அதிக விலையைவிடச் சீக்கிரமான பணம் என்று தெரிந்துவிட்டபடியால், ஒரே மாதத்தில் முழுத் தொகையையும் தருவதாகச் சொன்னோம். அவர் மாடிக் கணக்கில் இரண்டு லட்சத்தை விட்டுக்கொடுத்தார். 52 லட்சத்துக்கு முடிந்தது. அவருடைய அவசரத்தை நாங்கள் அறிந்தது அவருக்கும் உபயோகமாயிற்று.

தரகர் கடைசியாக ஓர் அஸ்திரத்தை எடுத்தார். பத்திரத்தில் 40 என்று எழுதி, மீதி 12 லட்சத்தை ரொக்கமாகக் கொடுத்துவிடலாமாம். முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 7, பதிவுக் கட்டணம் 2 என்பது 2023 ஏப்ரல் முதல் உள்ள விகிதம். ஆக 1,08,000 ரூபாய் மிச்சம்! கணக்கு சரிதான். ஆனால் சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் விதிக்கச் சட்டம் உண்டு. நோயாளியை வீட்டில் வைத்துக்கொண்டிருக்கும் பெரியவர் தலையில் 12 லட்ச ரூபாய் அபாயத்தைச் சுமத்துவதா? என்றாவது தங்கை வீட்டை விற்க நேர்ந்தால், எழுதாத அந்தப் பன்னிரண்டும் லாபக் கணக்கில் ஏறி அவளுக்கே வரியாகத் திரும்பும். இவை தவிர, சுதந்திரம் வேண்டும் என்று கேட்டு வாங்கிய ஜனங்கள், சொந்த சர்க்காருக்குச் சேர வேண்டியதைப் பத்திரம் எழுதும் மேஜையிலேயே மறைப்பது என்ன நியாயம்?

முழு 52-ம் பத்திரத்தில் ஏறியது. 50 லட்சமும் அதற்கு மேலும் உள்ள கிரயத்தில் நூற்றுக்கு ஒன்று வாங்குகிறவர் பிடித்து வருமான வரிக்குக் கட்ட வேண்டும். அந்த 52,000 ரூபாயைப் பற்றிப் பெரியவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டதால் கடைசி நாளில் மனஸ்தாபம் எழவில்லை.

பதிவு முடிந்து சாவியைக் கொடுக்கும்போது பெரியவர் ஒரே ஒரு வேண்டுகோள் விடுத்தார். கிணற்றை மூடிவிட வேண்டாம் என்றார். மூடவில்லை. இப்போது மேல்தள வேலை நடக்கிறது. கொத்தனார் சொன்ன 4 லட்சம் நாலரை ஆகும் போலிருக்கிறது. அதற்காக என் மைத்துனர் என்னைப் பார்க்கும் பார்வையை மட்டும் இங்கே வர்ணிக்கப் போவதில்லை.