கைவிட்ட மூலக்கூறுகளின் கணக்கு

சனத்நகர் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையை நம்பியிருக்கும் ஆலைத் தொழிலாளி ஒருவருக்கு ரிடக்ஸிமாப் தேவைப்பட்டால், நரம்புவழி ஏற்றப் பல மணி நேரம் ஆகும். ஒரு நாள் கூலி போயிற்று. தோலடி ஊசி வடிவமோ சில நிமிடங்களில் முடிந்துவிடும். முன்னதில் ஒரு மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் மருந்து, பின்னதில் 120. செறிவு இவ்வாறு உயரும்போது எதிர்ப்பொருள் பாகுபோல் இறுகலாம்; ஒன்றோடொன்று ஒட்டித் திரளவும் கூடும். மூலக்கூறைத் தயாரிக்கும் முன்பே, அமினோ அமில வரிசையைக் கொண்டு இப்பண்புகளைக் கணிக்க முயலும் துறை அத்தொழிலாளியின் ஒரு நாளோடு தொடர்புடையது.

ஐதராபாத் இத்துறையை அவசரமாகக் கருதாததற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. சனத்நகரை அடுத்த பாலாநகரின் ஐ.டி.பி.எல். ஆலைக் காலம் தொட்டு, பிறர் கண்டறிந்த மருந்தை மலிவாகச் செய்வதே இந்நகரின் வலிமை. அந்த ஐ.டி.பி.எல்.லில் பணியாற்றிய அஞ்சி ரெட்டி நிறுவிய டாக்டர் ரெட்டீஸ், 2007இல் ரிடக்ஸிமாபின் உயிரொத்த மருந்தான ரெடிடக்ஸை வெளியிட்டது. பெருஞ்சாதனைதான். ஆயினும் உயிரொத்த மருந்தில் வரிசை முன்பே முடிவானது. அதைத் தேர்ந்த தலைவலி வேறொருவருடையது. புதிய எதிர்ப்பொருளைத் தேடுவோருக்கு அந்த நிம்மதி இல்லை.

அவர்களுக்குக் கிடைக்கும் தரவோ சொற்பம். 2017இல் அடிமாப் ஆய்வாளர்கள், மனிதச் சோதனை நிலையை எட்டிய 137 எதிர்ப்பொருள்களை 12 வகையாக அளந்து வெளியிட்டனர். பல மாதிரிகள் இன்றும் அதையே சார்ந்துள்ளன. தேர்ச்சி பெற்றோரின் விடைத்தாள்களை மட்டும் வைத்துக்கொண்டு தோல்வியின் காரணத்தைத் தேடுவது போன்றதே இது. தேர்ச்சியும் உறுதியானதன்று: 27,000க்கும் மேற்பட்டோரிடம் சோதிக்கப்பட்ட போகோசிசுமாப், நோயாளிகளின் உடலே அதற்கு எதிர்ப்பொருள் உண்டாக்கியதால் 2016இல் கைவிடப்பட்டது.

சென்னை ஐ.ஐ.டி.யில் மைக்கேல் குரோமிகாவின் குழு தொகுத்த திரளல் தரவுத்தளம், திரளும் பெப்டைடுகளோடு திரளாதவற்றையும் பதிவு செய்கிறது. முழு எதிர்ப்பொருள்களுக்கும் அத்தகைய இருபக்கக் கணக்கு வேண்டும். அதற்கான தோல்விகள் நிறுவனங்களின் உறைபெட்டிகளில் கிடக்கின்றன. வணிக இரகசியம் என்பர். கைவிட்ட மூலக்கூற்றில் காக்க வேண்டிய வணிகம் எவ்வளவு மிச்சம்? இலக்கின் பெயரை மறைத்து, வரிசையையும் பாகுத்தன்மை, திரளல் அளவீடுகளையும் வெளியிட்டாலே போதும். பைராக் போன்ற அரசு அமைப்புகள் நிதி வழங்கும் திட்டங்களில் இதை ஒப்பந்த விதியாகவே சேர்க்கலாம்.