பள்ளிச் சேர்க்கைக்கு வயதே கணக்கு, உயரம் அல்ல

வளர்ச்சிக் குறைபாடுள்ள ஒரு குழந்தையை, உயரம் போதவில்லை என்று சொல்லி ஒரு கல்வியாண்டுகூடப் பள்ளிக்கு வெளியே நிறுத்தக் கூடாது. வீட்டுக்கு அருகிலுள்ள பள்ளியில், வயதுக்குரிய வகுப்பில், தெருப் பிள்ளைகள் சேரும் அதே நாளில் அந்தக் குழந்தையும் சேர வேண்டும். நாற்காலியும் குழாயும் தாழ்ப்பாளும் எட்டவில்லை என்றால் மாற வேண்டியவை அவைதான். புதுச்சேரியின் மீனவ ஊரான வீராம்பட்டினத்தில் பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்து நடத்தும் எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு இது. இதைப் பெற்றோர், பள்ளி நிர்வாகம், புதுச்சேரி அரசு மூவருக்கும் சேர்த்தே சொல்கிறோம்.

சேர்க்கைக் காலத்தில் எங்கள் ஊரிலும் அரியாங்குப்பம் கொம்யூனின் மற்ற ஊர்களிலும் தவறாமல் காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. “இன்னொரு வருஷம் போகட்டும்மா, பிள்ளை கொஞ்சம் வளரட்டும்.” பள்ளியில் மட்டுமல்ல, வீட்டில் ஆயாவும் இதையேதான் சொல்வார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பிள்ளை மிதிபட்டுவிடுமோ, கேலிக்கு ஆளாகுமோ என்ற பயம். ஆனால் கணக்கு இந்தப் பேச்சுக்கு எதிராக நிற்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஐந்து வயதுப் பையனின் நடுத்தர உயரம் 110 செ.மீ. எலும்பு வளர்ச்சிக் குறைபாடுகளில் அதிகம் காணப்படும் அகோண்ட்ரோபிளாசியா உள்ள பையன் அதே வயதில் ஏறத்தாழ 85 செ.மீ. இருப்பான். அது சாதாரணமாக இரண்டு வயதுக் குழந்தையின் உயரம். அடுத்த ஓராண்டில் மற்றவர்கள் ஆறு செ.மீ. வளர்ந்தால் அவன் நாலைந்து செ.மீ. வளர்வான். காத்திருக்கக் காத்திருக்க இடைவெளி கூடுமே தவிரக் குறையாது. ஒரு வருஷம் வீட்டில் வைத்திருந்ததற்குப் பலன், ஏழு வயது அறிவோடு ஆறு வயதுப் பிள்ளைகளின் பாடத்தைக் கேட்டு அவன் சலித்துப்போவது மட்டும்தான்.

அகோண்ட்ரோபிளாசியாவில் அறிவு வளர்ச்சிக்குப் பாதிப்பு இல்லை. எஃப்.ஜி.எஃப்.ஆர்.3 என்ற மரபணுவில் நேரும் மாற்றத்தால் கை, கால் எலும்புகள் நீளவில்லை, அவ்வளவே. இப்படிப் பிறக்கும் பத்துக் குழந்தைகளில் எட்டுப் பேரின் அப்பா அம்மா சராசரி உயரம் உள்ளவர்கள். மாற்றம் அந்தக் குழந்தையிடம்தான் புதிதாகத் தொடங்குகிறது. ஆகவே சொந்தத்தில் கட்டியதால் வந்தது, கிரகணத்தன்று வெளியே போனதால் வந்தது என்று தாயைக் குத்துவதை ஊர் நிறுத்திக்கொள்ள வேண்டும். வளர்ச்சி ஹார்மோன் குறைபாடு, பெண் குழந்தைகளுக்கு வரும் டர்னர் நோய்க்குறி, பிறவியிலேயே வரும் தைராய்டு குறைவு ஆகியவை வேறு வேறு. இவற்றில் சிலவற்றுக்கு மருந்து உண்டு, காலத்தோடு தொடங்கினால் உயரமும் கூடும். நாலு வயதுக்குப் பிறகு ஒரு குழந்தை ஆண்டுக்கு 5 செ.மீ.க்கும் குறைவாக வளர்ந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். “சாப்பாடு போதலை” என்று அங்கன்வாடியிலேயே முடிவுகட்டி அனுப்பிவிடக் கூடாது. தொலைக்காட்சியில் விற்கும் உயரம் கூட்டும் பவுடருக்குக் காசைக் கொட்டவும் கூடாது.

சட்டம் எங்கள் பக்கம் தெளிவாகவே இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஆறு வயது முடிந்தும் பள்ளியில் சேராத பிள்ளையை வயதுக்குரிய வகுப்பில் சேர்க்கச் சொல்கிறது. சேர்க்கையின்போது குழந்தையைச் சோதித்துப் பார்த்து வடிகட்டுவதைத் தடை செய்கிறது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரை அபராதம். “மேசை எட்டுதா, நின்னு காட்டு” என்பதும் எங்கள் பார்வையில் வடிகட்டல்தான். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. குள்ளத்தன்மை அவற்றில் ஒன்று. அரசு நடத்தும் பள்ளியோ அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியோ, பாகுபாடு இன்றிச் சேர்த்து, அந்தக் குழந்தைக்கு வேண்டிய வசதிகளையும் செய்து தர வேண்டும் என்று அதன் 16ஆம் பிரிவு கட்டளையிடுகிறது.

சிக்கல் மாற்றுத்திறனாளிச் சான்றிதழில் வருகிறது. அதே சட்டம் குள்ளத்தன்மைக்குத் தரும் விளக்கத்தில் வளர்ந்தபின் உயரம் 147 செ.மீ., அதாவது நாலடி பத்தங்குலம், அல்லது அதற்கும் குறைவு என்று இருக்கிறது. ஐந்து வயதுப் பிள்ளையின் வளர்ந்த உயரத்தை யார் அளப்பது? அகோண்ட்ரோபிளாசியா என்றால் மருத்துவர் உறுதியாகச் சொல்லிவிடலாம். மற்றவற்றில் ஆண்டுக்கணக்கில் கண்காணித்த பிறகே சொல்ல முடியும். அதுவரை பள்ளி கையைக் கட்டிக்கொண்டு நிற்பதா? தனித்துவ அடையாள அட்டை உதவித்தொகைக்கும் இட ஒதுக்கீட்டுக்கும் வேண்டியிருக்கலாம். கால் வைக்க ஒரு பலகை போடுவதற்கு வேண்டாம். அத்தகைய சலுகைகளுக்கு உள்ள 40 சதவீதக் குறைபாடு என்ற வரம்பும் 16ஆம் பிரிவில் இல்லை. மருத்துவர் எழுதித் தரும் ஒரு சீட்டே பள்ளிக்குப் போதும் என்று புதுச்சேரி பள்ளிக் கல்வித்துறை சுற்றறிக்கை அனுப்ப வேண்டும் என்று கேட்கிறோம்.

வகுப்பறைக்குள் செய்ய வேண்டியவை சின்ன வேலைகள்தான். ஆனாலும் அவற்றைச் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது. கால் தரையில் படாமல் மணிக்கணக்கில் தொங்கினால் மரத்துப்போகும், இடுப்பு வலிக்கும். அகோண்ட்ரோபிளாசியா பிள்ளைகளுக்கு முதுகு கூன்போட ஏற்கெனவே இடம் உண்டு. சாய்மானம் இல்லாத உட்காரல் அதை மோசமாக்கும். காலுக்குக் கீழே ஒரு பலகை, முதுகுக்குப் பின்னால் கெட்டியான ஒரு திண்டு, மார்பளவில் மேசை. அளவெடுத்தால் ஒரு தச்சர் அரை நாளில் முடித்துவிடுவார். மரப்படகு போய் ஃபைபர் படகு வந்த பிறகும் எங்கள் ஊரில் உளி பிடிக்கத் தெரிந்தவர்கள் இல்லாமல் போய்விடவில்லை. புத்தகங்களில் ஒரு செட் பள்ளியிலேயே இருந்தால் மணலில் பை சுமந்து நடக்கும் பாடு குறையும். விரல்கள் குட்டையாக இருப்பதால் எழுதும் கை சீக்கிரம் ஓய்ந்துவிடும். பருமனான பென்சிலும் கொஞ்சம் கூடுதல் நேரமும் தந்தால் போதும்.

யாரும் வாய்விட்டுப் பேசாதது கழிப்பறை. பிள்ளை பள்ளிக்குப் போக மாட்டேன் என்று அழுதால் காரணம் பலசமயம் அங்கேதான் இருக்கும். தாழ்ப்பாள் எட்டாது, அதனால் கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். குழாய் எட்டாது. கை குட்டையாக இருப்பதால் சொம்பில் தண்ணீர் எடுத்துக் கழுவிக்கொள்ளவும் முடியாது. இதை ஆசிரியரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடும் பிள்ளை. குழந்தையின் தோளளவில் இரண்டாவது தாழ்ப்பாள், உறுதியான ஒரு படி, நீளமான குழாயோடு ஒரு கைத்தெளிப்பான் ஆகிய மூன்றையும் பள்ளி திறக்கும் முன்பே பொருத்திவிட வேண்டும். எங்கள் கோரிக்கைகளில் ஒன்றை மட்டும்தான் நிறைவேற்ற முடியும் என்றால் இதை நிறைவேற்றுங்கள்.

அடுத்தது தூக்குவது. எங்கள் ஊர்ச் செங்கழுநீர் அம்மன் ஆடித் தேரை அப்பாவின் தோளில் ஏறிப் பார்க்கிற பிள்ளைதான். அதற்காகப் பள்ளியிலும் யாரும் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை. பெரிய வகுப்பு அக்காக்கள் ஆசையாக “பாப்பா” என்று தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வார்கள். அந்தப் பாப்பாவுக்கு ஏழு வயது, பெருக்கல் வாய்பாடு தெரியும். கேட்காமல் தொடக் கூடாது, தூக்கக் கூடாது என்பதை முதல் வாரத்திலேயே எல்லா வகுப்புகளுக்கும் சொல்லிவிட வேண்டும். ஆசிரியரும் வயதுக்குரிய பேச்சையே பேச வேண்டும், வயதுக்குரிய கண்டிப்பையும் காட்ட வேண்டும். காலை வழிபாட்டில் உயரப்படி வரிசை கட்டும் வழக்கம் எங்களுக்குப் பிடிக்கவில்லை. வருஷம் முழுக்க ஒரே பிள்ளையை முன்னால் காட்சிக்கு நிறுத்துவது போன்றது அது; வருகைப் பதிவேட்டின் வரிசை போதும். ஆண்டு விழாவில் வாமனரும் கோமாளியும் அந்தப் பிள்ளைக்கே என்று ஒதுக்குவதையும் விட்டுவிடலாம். 1989இல் ‘அபூர்வ சகோதரர்கள்’ படத்தின் குள்ளமான அப்புவுக்காக அழுத தமிழ்நாடும் புதுச்சேரியும் குள்ளமானவரை சர்க்கஸுக்கு வெளியே பார்க்க இன்னும் பழகவில்லை.

விளையாட்டு நேரத்தில் ஓரமாக உட்காரவைத்து மற்றவர்களின் செருப்புக்குக் காவல் வைப்பதையும் ஏற்க மாட்டோம். ஓசூரைச் சேர்ந்த நித்யஸ்ரீ சிவன், குள்ளமானவர்களுக்கான எஸ்.எச்.6 பிரிவு பேட்மிண்டனில் 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் வெண்கலம் வென்றவர். அதே பாரிஸில் ஈட்டி எறிதலில் நவ்தீப் சிங் தங்கம் வாங்கினார். ஆனால் ஒரு எச்சரிக்கை உண்டு, இதில் விளையாட்டு ஆசிரியர் விட்டுக்கொடுக்கவே கூடாது. அகோண்ட்ரோபிளாசியா உள்ள பிள்ளைக்குக் கழுத்தும் மண்டையும் சேரும் இடத்தில் தண்டுவடம் போகும் துளை குறுகலாக இருக்கும். குட்டிக்கரணம், தலைகீழாக நிற்பது, கபடியில் அமுக்குவது மூன்றும் வேண்டாம். ஓட்டம், பந்து, நீச்சல் பற்றி மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யலாம்.

உடல்நிலை பற்றி ஆசிரியர் அறிய வேண்டியது இன்னும் கொஞ்சம் உண்டு. அகோண்ட்ரோபிளாசியாவிலும் டர்னரிலும் நடுக்காதில் அடிக்கடி சீழ் பிடிக்கும், காது மந்தமாகும். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையைக் கவனமில்லாதது என்று திட்டுமுன் காதைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். வளர்ச்சி ஹார்மோன் ஊசி வழக்கமாக இரவில் வீட்டிலேயே போடப்படுவது, பள்ளிக்கு அதில் வேலை இல்லை. பெற்றோருக்கு மட்டும் ஒரு வார்த்தை: அந்த மருந்து குளிர்ச்சியில் இருக்க வேண்டும், உறையக் கூடாது. மீன் ஐஸ் பெட்டியில் வைத்தால் மருந்து வீண். நிரூபிக்கப்பட்ட ஹார்மோன் குறைபாட்டுக்கும் டர்னருக்கும் 2021ஆம் ஆண்டின் தேசிய அரிய நோய்க் கொள்கையில் சிகிச்சை உதவிக்கு இடம் உண்டு. சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை அதற்கான உயர்சிறப்பு மையங்களில் ஒன்று. கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் மருத்துவமனைக்குப் போகும் நாளில் அப்பாவுக்குக் கடல் வேலை போகும், அம்மாவுக்கு மீன் வியாபாரம் போகும். அந்த நாளை வருகையில் குறையாகப் பிள்ளையின் தலையிலும் கட்டாதீர்கள்.

தள்ளிப்போடாமல் சேர்க்க வேண்டும் என்பதற்கு விதிவிலக்கு உண்டா? உண்டு. அறுவைச் சிகிச்சை நெருங்கியிருந்தாலோ, தூக்கத்தில் மூச்சுத் திணறல் கடுமையாக இருந்தாலோ, பேச்சும் புரிதலும் வயதுக்குப் பின்தங்கியிருந்தாலோ சேர்க்கையைத் தள்ளிப்போடலாம். அந்த முடிவைப் பெற்றோரும் மருத்துவரும் எடுக்க வேண்டும், காரணத்தை எழுதிவைக்க வேண்டும். உயரம் அந்தக் காரணங்களில் ஒன்றாக இருக்கக் கூடாது. தனிச் சிறப்புப் பள்ளிக்கு அனுப்பலாமே என்ற யோசனையை முற்றாக நிராகரிக்கிறோம்.

குஜராத்தின் கணேஷ் பாரையா மூன்றடி உயரம் உள்ளவர். 2018இல் நீட் தேறியும் உயரத்தைக் காட்டி அவருக்கு எம்.பி.பி.எஸ். இடம் மறுக்கப்பட்டது, உச்ச நீதிமன்றம் வரை போய் வென்று, 2019இல் பாவ்நகர் அரசு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து மருத்துவரானார். அந்த வழக்கில் அவருக்குத் துணையாக நின்றவர்களில் அவருடைய பள்ளி முதல்வர் ஒருவர். தலைமை ஆசிரியர்களுக்கு நாங்கள் காட்டும் முன்மாதிரி அவர்.

பெற்றோரே, சேர்க்கைப் படிவம் வாங்கும் நாளிலேயே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு, மருத்துவர் சீட்டோடு போய்த் தலைமை ஆசிரியரைப் பாருங்கள். வகுப்பறையையும் கழிப்பறையையும் பிள்ளையோடு நடந்து பாருங்கள். இடமில்லை, அடுத்த வருஷம் வாருங்கள் என்று சொன்னால் அதை எழுத்தில் கேளுங்கள். அந்தக் கடிதத்தோடு எங்களிடம் வாருங்கள். மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் மனு எழுதி, உங்களோடு நாங்களும் வருகிறோம்.